மூச்சுப் பரிசோதனையால் இரைப்பை காலியாகும் வேகத்தைத் துல்லியமாக அளப்பது: முழுமையான வழிகாட்டி

நான்கு கவளம் உண்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, உண்டு பல மணி நேரம் ஆகியும் குமட்டல் தீராதது, காலையில் உண்ட உணவு மாலையில் செரிக்காமல் வாந்தியாக வருவது ஆகிய தொல்லைகளுடன் வருபவரிடம் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்து, புண்ணோ அடைப்போ இல்லை என்று உறுதியான பிறகு எழும் கேள்வி ஒன்றுதான்: இரைப்பை தன் உணவை உரிய வேகத்தில் சிறுகுடலுக்கு அனுப்புகிறதா? நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களுக்கும், இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பு பாதிக்கப்படும்படியான அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இந்த வேகம் குறைந்துபோகலாம். இரைப்பையில் ஒரு பகுதியை அகற்றியவர்களுக்கு அது மிகையாகவும் ஆகலாம். இரண்டிலும் அறிகுறிகள் பெரிதும் ஒத்திருப்பதால், அளந்து பார்க்காமல் மருந்து கொடுப்பது முறையாகாது.

அளப்பதற்கான அடிப்படை முறை, டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து காமா கேமராவால் நான்கு மணி நேரம் படம் எடுப்பதாகும். இரண்டு மணி நேர முடிவில் 60 விழுக்காட்டுக்கு மேலோ, நான்கு மணி நேர முடிவில் 10 விழுக்காட்டுக்கு மேலோ உணவு இரைப்பையில் தங்கியிருந்தால் தாமதம் என்று கொள்வார்கள். அதற்கு அணு மருத்துவத் துறை வேண்டும். கதிரியக்கம் சிறிதளவே என்றாலும் கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்க முடியாது. குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பச் செய்யத் தயக்கம் உண்டு. இந்தத் தடைகள் இல்லாத மாற்று வழிதான் கார்பன்-13 மூச்சுப் பரிசோதனை. கார்பன்-13 கதிரியக்கம் இல்லாத, நிலையான ஐசோடோப், அதாவது நிறை மட்டும் சற்றே கூடிய கார்பன் வகை. ஹெலிகோபாக்டர் கிருமியைக் கண்டறியச் செய்யும் யூரியா மூச்சுப் பரிசோதனையும், குடல் பாக்டீரியாக்களுக்காகச் செய்யும் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனையும் வேறு. அவற்றின் விதிகளை இதற்குப் பொருத்தக் கூடாது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

1993-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் கோஸ், மேஸ் முதலியோர் வெளியிட்ட முறையே இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களுக்கு அடிப்படை. எட்டு கார்பன் அணுக்கள் கொண்ட ஆக்டனாயிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தில் (தேங்காய் எண்ணெயில் இயல்பாகவே இருப்பது) ஒரு கார்பனை மட்டும் கார்பன்-13 ஆக மாற்றி, முட்டையின் மஞ்சள் கருவில் கலந்து சமைத்துக் கொடுப்பார்கள். இரைப்பையில் அந்த அமிலம் பெரும்பாலும் மஞ்சள் கருவுடனேயே ஒட்டியிருக்கும். உணவு அரைபட்டு முன்சிறுகுடலுக்குள் சென்றதும் அது விரைவாக உறிஞ்சப்பட்டு, கல்லீரலுக்குச் சென்று, அங்கே எரிக்கப்பட்டு கார்பன் டை ஆக்சைடாகிறது. அந்த வாயு இரத்தத்தின் பைகார்பனேட் இருப்புடன் கலந்து, கடைசியில் நுரையீரல் வழியே வெளியேறுகிறது.

ஆகவே மூச்சில் நாம் அளப்பது இரைப்பையை நேரடியாக அன்று. இரைப்பை, சிறுகுடல், கல்லீரல், இரத்தம், நுரையீரல் என்ற நீண்ட பாதையின் கடைசி முனையில் நின்று, முதல் முனையில் நடந்ததை ஊகிக்கிறோம். அந்தப் பாதையில் மிக மெதுவான படி இரைப்பை காலியாவதே என்ற அனுமானத்தின் மீதுதான் முழுப் பரிசோதனையும் நிற்கிறது. துல்லியம் என்பதன் பொருள், பாதையின் மற்ற எல்லாப் படிகளையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்திருப்பதும், வைக்க முடியாதவர்களுக்குப் பரிசோதனையைத் தவிர்ப்பதும், கணக்கிடும்போது பாதை எடுத்துக்கொண்ட நேரத்தை மறக்காமல் இருப்பதும் ஆகும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு விதியும் இந்த மூன்றில் ஒன்றிலிருந்து பிறப்பதே.

படி 1: யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது

சீலியாக் நோய் போன்ற உறிஞ்சுதல் குறைபாடுகள், கணையச் சுரப்புப் பற்றாக்குறை, முற்றிய கல்லீரல் நோய், கடுமையான நுரையீரல் அடைப்பு நோய், கடுமையான இதயச் செயலிழப்பு ஆகியவை உள்ளவர்களிடம் இரைப்பைக்குப் பிந்தைய படிகளே தாமதமாகிவிடும். அவர்களின் இரைப்பை நன்றாக வேலை செய்தாலும் பரிசோதனை தாமதம் என்றே காட்டக்கூடும். இவர்களைக் காமா கேமராப் பரிசோதனைக்கு அனுப்புவதே சரி. முட்டை, கோதுமை, பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வழக்கமான பரிசோதனை உணவைக் கொடுக்கக் கூடாது.

படி 2: முந்தைய நாட்களின் ஆயத்தம்

இரைப்பையின் இயக்கத்தை மாற்றும் மருந்துகளை, மருத்துவரின் ஒப்புதலுடன், 48 முதல் 72 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். வேகப்படுத்துபவை: மெட்டோகுளோபிரமைடு, டாம்பெரிடோன், எரித்ரோமைசின். மெதுவாக்குபவை: மார்ஃபின், டிரமடால் போன்ற வலிநிவாரணிகளும், வயிற்றுவலிக்கு நம் ஊரில் தாராளமாகக் கொடுக்கப்படும் டைசைக்ளோமினும். நீரிழிவுக்கும் உடல் எடைக் குறைப்புக்கும் போடப்படும் செமாக்ளுடைடு வகை ஊசிகள் தனியே கேட்டறிய வேண்டியவை. வாரம் ஒரு முறை போடும் ஊசியின் மருந்து பல வாரங்கள் உடலில் தங்குவதால், மூன்று நாள் இடைவெளி அதற்குப் போதாது. தள்ளிப்போடுவதா, மருந்துடனேயே அளந்து அதை அறிக்கையில் குறிப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

உணவைப் பற்றிய ஒரு விதி தமிழ் வாசகர்களுக்கு மிகவும் முக்கியமானது. அயல்நாட்டு அறிவுரைத் தாள்களில் அது நமக்குப் பொருந்தும் வடிவில் இருப்பதில்லை. நாம் உண்ணும் பெரும்பாலான தாவரங்கள் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் இரண்டு வகைப்படும். நெல், கோதுமை, பயறு வகைகள் ஆகியவற்றில் கார்பன்-13 குறைவாக இருக்கும். மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றில் சற்றே அதிகம். இவ்விரண்டிலும் சேராத அன்னாசியிலும் அது அதிகமே. மேலைநாட்டுத் தாள்கள் ‘மக்காச்சோளம் உண்ண வேண்டாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு என நம் சிறுதானியங்கள் அனைத்தும் இந்த இரண்டாம் வகையே. முதல் நாள் இரவு கேழ்வரகுக் களியோ கம்பங்கூழோ உண்டு, வெல்லம் போட்ட பாயசமும் குடித்தவரின் மூச்சில் கார்பன்-13 இயல்பைவிடக் கூடுதலாக இருக்கும். அது கூடுதலாக இருப்பது மட்டுமே என்றால் கழித்துவிடலாம். பரிசோதனை நடக்கும் நான்கு மணி நேரத்தில் அது மெல்லச் சரிந்துகொண்டே வருவதுதான் சிக்கல். அளவு சிறியதாக இருக்கும் கடைசி மணி நேர மாதிரிகளில் இந்தச் சரிவு முடிவையே புரட்டிவிடும். ஆகவே முந்தைய இரண்டு நாட்களுக்குச் சிறுதானியம், மக்காச்சோளம், கரும்புச் சர்க்கரை, வெல்லம், அன்னாசி ஆகியவற்றை விலக்கி, சோறு, இட்லி, கோதுமை உணவுகளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது நல்லது. பனைமரம் முதல் வகையைச் சேர்ந்தது என்பதால் கலப்படமற்ற கருப்பட்டி இந்தத் தொல்லையைத் தராது. ஆனால் கடையில் வாங்கும் கருப்பட்டியில் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

முதல் நாள் இரவிலிருந்து குறைந்தது எட்டு மணி நேரம் உணவின்றி இருக்க வேண்டும். புகைபிடித்தல் அன்று அறவே கூடாது. நீரிழிவு உள்ளவருக்குப் பரிசோதனைக்கு முன் இரத்தச் சர்க்கரையைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது, ஏனெனில் உயர்ந்த சர்க்கரை தானாகவே இரைப்பையை மந்தமாக்கும். காமா கேமராப் பரிசோதனைக்கான வழிகாட்டுதல்கள் டெசிலிட்டருக்கு 275 மி.கி. என்பதை மேல் வரம்பாக வைத்திருக்கின்றன. அதற்கு மேல் இருந்தால் வேறு நாளில் வரச் சொல்வதே நேர்மை. இன்சுலின் அளவை அன்றைக்கு எப்படி மாற்றுவது என்பதை முன்னதாகவே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

படி 3: பரிசோதனை உணவு

லூவன் முறையில் ஒரு முட்டையின் மஞ்சள் கருவையும் வெள்ளைக் கருவையும் பிரித்து, சுமார் 100 மி.கி. ஆக்டனாயிக் அமிலத்தை மஞ்சள் கருவில் மட்டும் விட்டு நன்றாக அடித்துக் கலந்து, இரண்டையும் தனித்தனியே கெட்டியாக வேக வைக்கிறார்கள். அதனுடன் 60 கிராம் வெள்ளை ரொட்டி, 5 கிராம் மார்ஜரின், 150 மி.லி. தண்ணீர். மொத்தம் ஏறத்தாழ 250 கலோரி. மஞ்சள் கரு முழுமையாக இறுகுவது கட்டாயம். அரைவேக்காடாக விட்டாலோ, அமிலத்தை வெந்த முட்டையின் மேல் ஊற்றிவிட்டாலோ, அது இரைப்பையின் நீர்மத்துக்குள் இறங்கி உணவுக்கு முன்பே வெளியேறிவிடும். அப்போது நீங்கள் அளப்பது திட உணவை அன்று, தண்ணீரை. நீர்ம உணவின் வேகத்தையே அளக்க விரும்பினால் அதற்கு கார்பன்-13 சோடியம் அசிடேட் என்ற வேறு பொருள் இருக்கிறது.

அமெரிக்காவில் 2015-இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த முறை வேறு வகையானது. அதில் கார்பன்-13 ஊட்டி வளர்த்த ஸ்பைருலினா பாசியை உலர்ந்த முட்டைக் கலவையில் சேர்த்துத் தயாராகவே கொடுக்கிறார்கள். உணவு 230 கலோரி. சமையலறையில் நேரும் தவறுகளுக்கு அதில் இடம் குறைவு.

முட்டை உண்ணாதவர்கள் நிறைந்த நம் நாட்டில், ‘இட்லியில் கலந்து கொடுத்தால் என்ன?’ என்ற கேள்வி இயல்பாகவே எழும். கொடுக்கலாம், ஆனால் இரண்டு வேலைகளை முடித்த பிறகே. இரைப்பை நீரை ஒத்த அமிலக் கரைசலில் அந்த இட்லியை ஊற வைத்து, கலந்த பொருள் இட்லியிலேயே தங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். பிறகு நோயற்ற போதுமான நபர்களுக்கு அதே உணவைக் கொடுத்து, அந்த உணவுக்கே உரிய இயல்பு வரம்பைக் கண்டறிய வேண்டும். இவற்றைச் செய்யாமல், இட்லியைக் கொடுத்துவிட்டு முட்டைக்கான வரம்போடு ஒப்பிடுவது நோயாளிக்குத் தவறான பெயரைச் சூட்டுவதில் முடியும். ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுப்பதும் இதே காரணத்தால் கூடாது; அது கலோரியையும் கூட்டும், கரும்புச் சர்க்கரையையும் உள்ளே கொண்டுவரும்.

உணவைப் பத்து நிமிடத்துக்குள் முடிக்கச் செய்து, எவ்வளவு மிச்சம் வைத்தார் என்பதைக் குறிக்க வேண்டும். நேரக் கணக்கு உண்ணத் தொடங்கியதிலிருந்தா முடித்ததிலிருந்தா என்பதை ஆய்வகம் ஒரு முறை முடிவு செய்து, பிறகு ஒருபோதும் மாற்றக் கூடாது.

படி 4: மூச்சு மாதிரி எடுப்பது

உணவுக்கு முன் இரண்டு அடிநிலை மாதிரிகள் எடுக்கப்படும். ஒன்று உடைந்தாலும் கசிந்தாலும் மற்றொன்று காப்பாற்றும். இரண்டும் தமக்குள் பெரிதும் வேறுபட்டால் மாதிரி எடுக்கும் முறையிலேயே பிழை என்று அப்போதே தெரிந்துவிடும். நோயாளி இயல்பாக மூச்சை இழுத்துச் சில வினாடிகள் நிறுத்தி, உறிஞ்சுகுழலின் முனை கண்ணாடிக் குழாயின் அடியைத் தொடும்படி வைத்து ஊத வேண்டும். முதலில் வருவது வாயிலும் மூச்சுக்குழாயிலும் இருந்த வெறும் காற்று. கடைசியில் வருவதே நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்று. ஆகவே ஊதிக்கொண்டிருக்கும்போதே குழலை மெல்ல வெளியே எடுத்து, உடனே மூடியை இறுக்க வேண்டும். அகச்சிவப்புக் கருவி இருக்கும் இடங்களில் கண்ணாடிக் குழாய்க்குப் பதில் அலுமினியப் பூச்சுள்ள பைகளைப் பயன்படுத்துவார்கள்.

லூவன் முறையில் 15 நிமிடத்துக்கு ஒன்றாக நான்கு மணி நேரம், அதாவது 16 மாதிரிகள் எடுக்கப்படும். ஸ்பைருலினா முறையில் 45, 90, 120, 150, 180, 240-ஆம் நிமிடங்களில் ஆறு மாதிரிகள் போதும். ஒரு மாதிரி இரண்டு நிமிடம் தாமதமாகிவிட்டால் குடி முழுகிப்போவதில்லை, ஆனால் குழாயில் எழுத வேண்டியது உண்மையில் ஊதிய நேரத்தையே. அட்டவணையில் இருந்த நேரத்தை அன்று.

இந்த நான்கு மணி நேரமும் நோயாளி நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். உறங்குதல், உண்ணுதல், குடித்தல் கூடாது. கழிவறைக்குச் சென்று வரலாம். மாடிப்படி ஏறி இறங்கினாலோ வளாகத்தில் உலாவினாலோ உடல் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு பெருகி, கார்பன்-13-இன் விகிதம் நீர்த்துப்போகும். கணக்கோ அந்த வெளியீடு மாறவில்லை என்றே எடுத்துக்கொள்ளும். வாந்தி எடுத்தால் கலந்த பொருளும் போய்விட்டது. நேரத்தைக் குறித்து, பரிசோதனையை நிறுத்திவிட வேண்டும்.

படி 5: கருவியின் எண்ணிலிருந்து விழுக்காட்டுக்கு

ஐசோடோப் விகித நிறைநிறமாலைமானியோ அகச்சிவப்புக் கருவியோ தரும் எண் டெல்டா எனப்படும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் பீ டீ படிவுகளில் கிடைத்த ஒரு தொல்லுயிர்ப் படிமத்தில் கார்பன்-12-க்கு கார்பன்-13 இருக்கும் விகிதமான 0.0112372-ஐ அளவுகோலாக வைத்து, அதிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகல் என்பதே அந்த எண்.

ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையும் 165 செ.மீ. உயரமும் உள்ள ஒருவரின் உடல் மேற்பரப்பு ஹேகாக் சூத்திரப்படி 1.66 சதுர மீட்டர். ஓய்வில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 300 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகும் என்று கொள்வது மரபு. இவருக்கு 498 மில்லிமோல். அடிநிலை டெல்டா −24, 120-ஆம் நிமிடத்தில் −10 என்றால், உயர்வு 14. இதை ஆயிரத்தால் வகுத்து 0.0112372-ஆலும் 498-ஆலும் பெருக்கினால், மணிக்கு 0.078 மில்லிமோல் கார்பன்-13 கூடுதலாக வெளியேறுகிறது. கொடுத்த 100 மி.கி. அமிலத்தில் இருந்த கார்பன்-13 ஏறத்தாழ 0.68 மில்லிமோல். எனவே அந்த நேரத்தில் வெளியேறும் வேகம், கொடுத்த அளவில் மணிக்கு 11.5 விழுக்காடு. ஒவ்வொரு மாதிரிக்கும் இப்படிக் கண்டு, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான பரப்பைக் கூட்டிக்கொண்டே வந்தால் திரண்ட அளவு கிடைக்கும்.

நான்கு மணி நேரத்தில் கொடுத்ததில் பாதிகூட மூச்சில் வராதது கண்டு திகைக்க வேண்டியதில்லை. மீதி பைகார்பனேட் இருப்பிலும் உடலின் பிற சேர்மங்களிலும் தங்கிவிடுகிறது.

படி 6: வளைகோடும் அரைக்காலமும்

துல்லியம் பெரும்பாலும் தொலைந்துபோவது இந்தப் படியில்தான். திரண்ட அளவுப் புள்ளிகளுக்கு, ம × (1 − எக்ஸ்ப்(−க × நேரம்)) என்பதன் ப-ஆவது அடுக்கு என்ற வளைகோட்டைக் கணினியில் பொருத்துகிறோம். அடைப்புக்குள் இருப்பது மட்டுமே அடுக்கேறும், ம வெளியே நிற்கும். எக்ஸ்ப் என்பது கணிப்பானில் உள்ள அடுக்குக்குறிச் சார்பு. ம என்பது முடிவற்ற நேரத்தில் வெளியேறக்கூடிய மொத்த விழுக்காடு. க, ப இரண்டும் வளைகோட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பவை. மூச்சின் அரைக்காலம் (அந்த மொத்தத்தில் பாதி வெளியேற ஆகும் நேரம்) = −(1/க) × இயல்மடக்கை(1 − 2^(−1/ப)). வெளியேற்றம் உச்சத்தை அடையும் நேரம் = இயல்மடக்கை(ப) / க.

மேலே சொன்ன நபருக்கு ம 50, க மணிக்கு 0.5, ப 2 என்று பொருந்துவதாகக் கொள்வோம். மூச்சின் அரைக்காலம் 147 நிமிடம். உச்சம் 83-ஆம் நிமிடம். இந்த 147 அவருடைய இரைப்பையின் அரைக்காலம் ஆகாது. உறிஞ்சுதல், எரிதல், பைகார்பனேட் கலப்பு என இடையில் கழிந்த நேரமும் அதற்குள் இருக்கிறது. காமா கேமராவுடன் ஒப்பிட்டு அதை நேர்செய்ய, லூவன் குழு 66 நிமிடத்தைக் கழித்தது. அப்போது 81 நிமிடம் வருகிறது. மருந்தியலிலிருந்து எடுத்துக்கொண்ட வாக்னர்–நெல்சன் முறையோ, மாறாத எண்ணைக் கழிப்பதற்குப் பதில், உடலிலிருந்து வெளியேறும் வேகத்தை மணிக்கு 0.65 என வைத்து, ஒவ்வொரு நேரத்திலும் ‘மூச்சில் வந்துவிட்டதோடு, இன்னும் உடலில் இருப்பதையும் கூட்டினால் எவ்வளவு?’ என்று கேட்கிறது. அதாவது திரண்ட அளவுடன், அந்நேர வேகத்தை 0.65-ஆல் வகுத்துக் கூட்டி, மொத்தத்தை ம-ஆல் வகுக்க வேண்டும். இதே நபருக்கு அது 56 நிமிடம் என்கிறது.

ஒரே மனிதர், ஒரே மூச்சு. 147, 81, 56 என மூன்று விடைகள். இவற்றில் எதையும் தனியே பிழை என்று ஒதுக்க முடியாது. ஆனால் ஒரு முறையில் பெற்ற எண்ணை மற்றொரு முறையின் இயல்பு வரம்போடு ஒப்பிட்டால் நலமானவர் நோயாளியாவார், நோயாளி நலமானவராவார். எந்தச் சூத்திரத்தில் கணக்கிட்டோமோ, அதே சூத்திரத்தில், அதே உணவில், அதே கால இடைவெளியில் பெறப்பட்ட வரம்பு மட்டுமே பயன்படும். வாக்னர்–நெல்சன் முறை, நேர்செய்தலை ஒவ்வொரு வளைகோட்டின் வடிவத்தோடும் இணைப்பதால், கருத்தளவில் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. மிக விரைவாகக் காலியாகும் இரைப்பையில் 66-ஐக் கழித்தால் சுழியத்துக்குக் கீழே போகும் பொருளற்ற எண் வரக்கூடும் என்பதே அதற்குப் போதிய காரணம். ஆனாலும் அது ம-வின் மதிப்பை நம்பியிருக்கிறது. ம நன்றாகப் பொருந்தாவிட்டால் அதுவும் தடுமாறும்.

ஸ்பைருலினா முறை அரைக்காலத்தையே கேட்பதில்லை. ஒவ்வொரு நேரத்திலும் வெளியேறும் வேகத்தை நேரடியாக நோயற்றவர்களின் வரம்போடு ஒப்பிடுகிறது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் காமா கேமராவுடன் ஒரே வேளையில் ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஆய்வில், நோயற்றவரைச் சரியாக விலக்கும் திறனை 80 விழுக்காட்டில் நிறுத்தியபோது, தாமதத்தை 89 விழுக்காடும் விரைவை 93 விழுக்காடும் இது கண்டுபிடித்தது. நல்ல பொருத்தம்தான். ஆயினும் நோயற்ற ஐந்து பேரில் ஒருவருக்குத் தவறான முடிவு வரக்கூடும் என்பதையும் அந்த எண்ணே சொல்கிறது.

படி 7: வளைகோட்டைக் கண்ணால் பார்த்தல்

கணினி தரும் எண்ணைப் படிப்பதற்கு முன் வளைகோட்டைப் பார்க்க வேண்டும். நான்கு மணி நேரம் முடிந்தும் கோடு ஏறிக்கொண்டே இருந்தால், உச்சம் இன்னும் வரவில்லை என்று பொருள். அந்நிலையில் கணினி எழுநூறு நிமிடம், ஆயிரம் நிமிடம் என்று ஏதேனும் ஓர் அரைக்காலத்தைக் கொடுக்கும். அது அளந்த எண்ணே அன்று, அளக்காத பகுதியைப் பற்றிய ஊகம். ‘நான்கு மணி நேரத்துக்குள் உச்சம் எட்டப்படவில்லை, மிகுந்த தாமதம்’ என்று எழுதுவதே சரி. கடுமையான தாமதம் இருக்கும் என்று முன்பே தெரிந்தால் ஆறு மணி நேரம் மாதிரி எடுக்கலாம்.

முழுக் கோடும் தாழ்வாகவும் தட்டையாகவும் இருந்தால், இரைப்பையைக் குறை சொல்வதற்கு முன் மஞ்சள் கரு மிச்சமானதா, குழாய்கள் கசிந்தனவா, உறிஞ்சுதல் குறைபாடு மறைந்திருக்கிறதா என்று தேட வேண்டும். முதல் அரைமணியிலேயே கூர்மையான உச்சம் எழுந்தால் விரைவாகக் காலியாதல் இருக்கலாம், முட்டை சரியாக வேகாமலும் இருந்திருக்கலாம். நடுவே ஒரே ஒரு புள்ளி மட்டும் திடீரென விழுந்திருந்தால் அது பெரும்பாலும் மூடி தளர்ந்த குழாய். அதை நீக்கிக் கணக்கிடலாம், நீக்கியதை அறிக்கையில் சொல்ல வேண்டும்.

படி 8: அறிக்கை

உணவின் வகையும் கலோரியும், கலந்த பொருளும் அளவும், உண்டு முடித்த நேரம், மாதிரி எடுத்த நேரங்கள், அன்றைய இரத்தச் சர்க்கரை, நிறுத்தப்பட்ட மருந்துகளும் நிறுத்த முடியாதவையும், பயன்படுத்திய சூத்திரம், ஒப்பிட்ட இயல்பு வரம்பு ஆகியவை இல்லாத அறிக்கையை இன்னொரு மருத்துவர் பயன்படுத்த முடியாது. வளைகோட்டின் படத்தையும் இணைக்க வேண்டும். வரம்பை ஒட்டி நிற்கும் முடிவை வைத்து வாழ்நாள் நோய் ஒன்றை அறிவித்துவிடக் கூடாது. ஒரே மனிதரின் இரைப்பையும் நாளுக்கு நாள் வேகம் மாறுவதால், அத்தகையவருக்குச் சில வாரம் கழித்து மீண்டும் அளப்பது பொருத்தம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதானால், அதே ஆய்வகத்தில், அதே உணவில், அதே சூத்திரத்தில் அளந்து, இரண்டு வளைகோடுகளையும் ஒரே படத்தில் வரைந்து மருத்துவரிடம் கொடுக்க வேண்டும்.